சிவப்பு தெரியாத தோல்

துணி ஊறிக்கொண்டிருந்த பக்கெட்டில் ஒரு மல்லிகைப்பூ மிதந்தது. பழுப்பேறி, நசுங்கி, வேகவைத்ததுபோல் இருந்தது. அதை எடுத்து எறிந்துவிட்டு அம்மாவின் ஜாக்கெட்டைப் பிழிந்தேன். உள்பக்கத் தையலில் இன்னும் சில பூக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்பா இறந்ததிலிருந்து அம்மா தலையில் பூ வைத்ததில்லை. எங்கள் பக்கம் வைக்க விடமாட்டார்கள். தலைக்கு ஆகாது என்று விலக்கிய பூ ஜாக்கெட்டுக்குள் எப்படி வந்தது என்று புரியாமல் அங்கேயே நின்றேன். வாடிய பூவும் வியர்வையும் கலந்த நாற்றம் விரல்களில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் போகவில்லை.

மகளே, நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது, கல்யாணமும் ஆகவில்லை. நீ வளர்ந்து பெரியவளாகி என் எதிரில் உட்காரும் நாளுக்கான கடிதம் இது. அதை இன்றே எழுதிவைக்கக் காரணம், அந்த நாளில் நான் எப்படிப்பட்டவளாக இருப்பேன் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களும் ஒரு காலத்தில் பதினேழு வயதில் இருந்தவர்கள்தான். அப்போது அவர்களும் கேள்வி கேட்டிருப்பார்கள். பிறகு கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, உறவுக்காரர்களின் வாய்க்குப் பயந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் விழுங்கப் பழகிவிட்டார்கள். நானும் பழகிவிடலாம். அதிலும் நான் இயல்பாகவே பேச்சு வராதவள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பெரியப்பாவின் தறி செட்டுக்கு நூல் சுற்றப் போனேன். அந்தச் சத்தத்தில் யாரும் என்னிடம் பேச வரமாட்டார்கள் என்பதால்தான் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இப்போது என் தொண்டையில் நிற்கும் குமட்டல் அடங்குவதற்குள் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். அடங்கிவிட்டால் நானும் அவர்களில் ஒருத்தி ஆகிவிடுவேன்.

அன்றைக்கே அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, ஜாக்கெட்டுல எப்படிப் பூவு?"

"பூக்காரன் வண்டியில இருந்து உழுந்திருக்கும்."

"உள்பக்கமாவா உழுந்துது?"

"போயி வேலையப் பாரு அம்மணி."

அதற்குப் பிறகு அம்மாவைக் கவனிக்கத் தொடங்கினேன். கொடியில் துணி போடும்போது இடது கையைத் தூக்கவில்லை. சேலைத் தலைப்பை எந்நேரமும் இழுத்துச் செருகிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது வெந்நீர் கொண்டுபோய் வைத்தேன், வெளியே வராமல் அங்கேயே நின்றேன். "நகுந்து போ" என்றார். போகவில்லை. "வெக்கங்கெட்ட கழுத" என்றார். அப்போதும் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

நான் பார்த்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் மார்பு என்ற சொல்லைக்கூட யாரும் சொன்னதில்லை. "அந்த எடம்" என்பார்கள். குளிக்கும்போதுகூடப் பாவாடையை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, தங்கள் உடம்பைத் தாங்களே பார்க்காமல் குளித்துவிட்டு வந்துவிடுவார்கள். அம்மாவின் இடது மார்பில் அக்குள் பக்கமாக ஒரு கட்டி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியாக இருந்தது, அழுத்தினால் நகரவில்லை. அதன் மேலிருந்த தோல் சுற்றிலும் இருப்பதைவிடக் கருத்து, தடித்து, கமலா ஆரஞ்சின் தோலைப்போலக் குழி குழியாக இருந்தது. காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. முந்தின இரவு கட்டியிருந்த மல்லிகைப்பூக்கள் தோலில் நசுங்கி ஒட்டியிருந்தன.

"வலிக்குதாம்மா?"

"வலிச்சிருந்தாச் சொல்லியிருக்க மாட்டனா கண்ணு?"

"எப்ப இருந்து இருக்குது?"

"ஆடி நோம்பிக்கு முன்னாலயே."

அப்போது ஐப்பசி நடந்துகொண்டிருந்தது.

பூ வைத்துக் கட்டியது பெரியம்மாவின் வைத்தியம். பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி, எங்களுக்கு அடுத்த வீடு. குழந்தைக்குப் பால் மறக்கடிக்கும்போது தாய்க்கு மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள், பால் வற்றிப்போகும் என்று. அம்மாவுக்கு இருப்பதும் பால் கட்டிக்கொண்டதுதான் என்று பெரியம்மா முடிவு செய்துவிட்டார். நான் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "பெரிம்மா, கடைசியாப் பால் குடிச்சது நானுங்க. எனக்கு இப்பப் பதினேழு வயசாகுதுங்க. அந்தப் பால் இத்தன வருசம் எங்கீங்க இருந்துது?"

"பாத்தியா, ஊமையாட்டம் இருந்துட்டுப் பேசறத! கெட்டதா இருந்தாச் செவந்து போகும்னு பேனர்லயே போட்டிருந்துதல்ல? நான் டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டேன். உங்கொம்மாளுக்கு ஒரு துளி செவப்பு இல்ல."

அந்த பேனரை நானும் பார்த்திருந்தேன். ஆவணியில் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மார்பகப் பரிசோதனை முகாம் நடந்தது. வாசலில் கட்டியிருந்த பேனரில் பால் வெள்ளையாக ஒரு பெண் இருந்தாள், அவள் மார்பில் ரோஜா நிறத்தில் ஒரு திட்டு. எங்கள் ஊரில் அந்த நிறத்தில் ஒரு பெண்கூடக் கிடையாது. அம்மா நல்ல கறுப்பு, நானும் கறுப்பு, நீயும் அப்படித்தான் பிறப்பாய். மண்டபத்துக்கு எதிரில் டீக்கடை. யார் யார் உள்ளே போகிறார்கள் என்று ஆண்கள் வேலைவெட்டியை விட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். நான் தறி செட்டிலிருந்து அந்த வழியாக வந்தேன். ஒருவர் பேனரைக் காட்டி, "ஏனுங்க, இந்தம்மா வந்தாச் சொல்லுங்க, நானும் டாக்டருக்குப் படிச்சிருக்கறன்" என்றார். டீ ஆற்றுகிறவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அவர் எனக்கு மாமன் முறை. பண்டிகைக்கு அவர் காலில் விழுந்து கும்பிட்டிருக்கிறேன். அந்தக் காலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அம்மா அந்த முகாமுக்குப் போகவில்லை. கட்டி இருப்பது தெரிந்தும் போகவில்லை. "கல்யாணம் பேசற ஊடு. நீ போயி அந்த வரிசைல நின்னீன்னா நாளைக்கே பொண்ணூட்டுக்காரங்க காதுக்குப் போயிரும்" என்று பெரியம்மா தடுத்துவிட்டார். அண்ணனுக்கு அப்போதுதான் காங்கேயம் பக்கம் பெண் பார்த்து முடிவாகியிருந்தது.

பெரியம்மாவைத் திட்டிவிட்டுக் கடிதத்தை முடித்துக்கொள்ளலாம். அதைவிட அசிங்கமான ஒன்று இருக்கிறது, அது உனக்குத்தான் அதிகம் வேண்டும். அன்றைக்குக் குளித்துத் தலை துவட்டும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "உங்க சித்திக்கும் இப்படித்தான் இருந்துது." சித்தி அம்மாவின் தங்கை, காரமடையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இறந்துபோனார். மஞ்சள்காமாலை என்று எனக்குச் சொன்னார்கள், ஊருக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சித்திக்குப் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். உண்மை தெரிந்தால் அவர்களை யாரும் கட்டமாட்டார்கள் என்று காமாலை ஆக்கிவிட்டார்கள். அந்த அக்காமார்களுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தைகளும் இருக்கின்றன. தங்கள் தாய் எதனால் செத்தார் என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தோம் என்று வீட்டுப் பெரியவர்கள் பெருமை பேசுகிறார்கள். அவர்கள் தங்கள் மார்பைத் தடவிப் பார்க்க வேண்டியவர்கள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

திங்கட்கிழமை அம்மாவை இழுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸம்மா எங்களை அன்பாக வரவேற்கவில்லை. "ஆவணியில பூராப் பொழுதும் மண்டபத்துல உக்காந்திருந்தேன். உங்க ஊர்ல இருந்து ஒருத்தர் வரலீங்க. இப்ப வாரீங்க" என்று கடுகடுத்தார். திரையை இழுத்துவிட்டு அம்மாவைப் படுக்கச் சொன்னார். விரல் நுனியால் சுற்றிச் சுற்றி அழுத்தினார், அக்குளிலும் அழுத்தினார். அங்கே கை நின்றது. அதற்குப் பிறகு அவர் குரலில் கடுப்பு இல்லை.

"எத்தன நாளாச்சுங்கம்மா?"

"செவக்கலீங்க, அதான் உட்டுட்டனுங்க" என்றார் அம்மா.

"நம்ம நெறத்துக்குச் செவப்பு எங்கீங்க தெரியும்? நமக்குக் கருத்துத்தான் தடிக்கும். கண்ணால தேடுனாத் தெரியாது, கையால தேடோணும். கட்டியெல்லாம் கேன்சர் இல்லீங்க. நெறையக் கட்டி சும்மாக் கட்டிதான். ஆனா உங்களுது எதுன்னு படம் எடுத்து, ஊசி வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்த வாரமே போங்க." பிறகு என்னைப் பார்த்து, "உங்கொம்மாளோட கூடப் பொறந்தவங்க யாருக்காச்சும் இருந்துதா கண்ணு?" என்று கேட்டார். சித்தியைப் பற்றிச் சொன்னேன். அம்மா என் கையைக் கிள்ளினார். சுகாதார நிலையத்தில், திரைக்குள்ளே தனியாக இருக்கும்போதுகூட அதைச் சொல்லக் கூடாது அம்மாவுக்கு. "அப்படீன்னா நீயும் மத்தவங்களுக்கு முன்னாலயே பாத்துக்கோணும். எந்த வயசுல இருந்துன்னு டாக்டர்கிட்டக் கேட்டுக்க" என்றார் நர்ஸம்மா. நீயும் என்றது உனக்கும் சேர்த்துத்தான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வந்திருந்தார். கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை, வாரம் ஒருமுறை வருவார். பெரியம்மாவும் இருந்தார். அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"பத்திரிக்க குடுத்தாச்சு. இப்பப் போயி ஆஸ்பத்திரின்னா ஒறம்பர சனம் என்ன பேசும்?" என்றார் பெரியம்மா. "குடும்பத்துல சீக்கு ஏதாச்சும் இருக்குதுங்களான்னு பொண்ணூட்டுக்காரங்க கேட்டப்ப, சக்கரகூட இல்லீங்கன்னு சொன்னவ நானு. என்ற மொகத்துல கரியப் பூசாத. அதுவுமில்லாம ஊசி குத்துனா அது ஒடம்பு பூராப் பரவிப்போடும்."

"குத்தறதால பரவாதுங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. குத்திப் பாக்காம உட்டாத்தான் பரவுமாமுங்க."

"நர்ஸம்மாவா வந்து உனக்கு மாப்பிள பாப்பா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு மாசந்தானே அம்மணி. கல்யாணம் முடிஞ்ச மக்யா நாளே நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"மக்யா நாள் மறுவூடுண்ணா. அதுக்கப்பறம் விருந்து. அப்பறம் குலதெய்வங் கோயலு. அப்பறம் தை நோம்பி. எப்பண்ணா கூட்டிட்டுப் போவ?"

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்குத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய சீர் அது. கூடப் பிறந்தவளை விட்டுவிடமாட்டேன் என்று அண்ணன் ஊர் அறியச் சொல்வதற்கு அது அடையாளம் என்பார்கள். "அம்மாவக் கூட்டிட்டுப் போகாட்டி நான் இணைச்சீருக்கு உக்கார மாட்டேன்" என்றேன். என்னிடம் இருந்த ஒரே பலம் அதுதான் என்று நினைத்திருந்தேன். பெரியம்மா அசையவே இல்லை. "நீ உக்காராட்டிப் போ. என்ற மக உக்காந்துக்குவா. அவளும் தங்கச்சி மொறதான்."

அண்ணன் குனிந்து சோற்றைப் பிசைந்தார். அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். "எல்லாரும் உடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல. கல்யாணம் முடியட்டும்" என்று சொல்லிக் குழம்பிலிருந்து கோழிக்காலைத் தேடி எடுத்து அண்ணன் தட்டில் வைத்தார். இடது கையைத் தொங்கவிட்டு வலது கையால் மட்டும் வைத்தார். அண்ணன் அதைச் சாப்பிட்டார். அவர் உனக்குத் தாய்மாமன் ஆவார், உன் காதுகுத்துக்கு அவர் மடியில்தான் உட்கார வேண்டும். மாமனை வெறுக்காதே என்று ஒரு தாய் எழுத வேண்டும். எழுத முயன்றேன், கை வரவில்லை. எலும்பைக் கடித்து உறிஞ்சும் சத்தம்தான் காதில் நிற்கிறது. அம்மாமீதும் எனக்கு அருவருப்பு வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உயிரைவிடப் பத்திரிகை பெரிது என்று இவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், இவர் ஏன் கற்றுக்கொண்டார் என்று அன்றெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

மகளே, உன்னிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. குளிக்கும்போது பாவாடையை இறக்கிவிட்டுக் குளி. மாதவிலக்கு முடிந்த பிறகு ஒரு நாள், கண்ணாடி முன்னால் நின்று பார், பிறகு படுத்துக்கொண்டு விரலால் அழுத்திப் பார், அக்குளையும் விட்டுவிடாதே. உன் உடம்பு எப்போதும் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிந்தால்தான் அது மாறும்போது தெரியும். சிவப்பைத் தேடாதே. தடிப்பைத் தேடு, குழியைத் தேடு, கருத்த திட்டைத் தேடு, உள்ளே இழுத்த காம்பைத் தேடு, காம்பில் நீரோ ரத்தமோ வந்தால் பார். வலி இல்லை என்பதால் நல்லது என்று நினைக்காதே. உன் கையை மட்டும் நம்பியும் இருந்துவிடாதே, வயது வந்ததும் டாக்டரிடம் போய்ப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேள். "எங்க குடும்பத்துல இருக்குதுங்க" என்று முதல் வார்த்தையாகச் சொல். உன்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் குடும்பத்தில் நோய் உண்டா என்று கேட்டால், உண்டு என்று சொல். அதனால் எழுந்து போகிறவன் போகட்டும். அவன் போன பிறகு அவன் குடித்த டம்ளரை நன்றாகக் கழுவி வை. அந்த நாளில் நானே உன் கையைக் கிள்ளி வாயை மூடச் சொன்னாலும் கேட்காதே. இந்தக் கடிதத்தை எடுத்து என் முகத்துக்கு எதிரே நீட்டு.

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அம்மாவுக்கும் அண்ணன் கல்யாணத்துக்கும் என்ன ஆகும் என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு எழுதினால் நல்லதானால் பெருமையடிப்பேன், கெட்டதானால் அழுவேன். இரண்டும் உனக்கு உதவாது.

கல்யாண ஜவுளி எடுக்க இரண்டு வீட்டாரும் வேன் வைத்துக் கோயமுத்தூர் போனோம். சம்பந்தி கட்டாயம் வரவேண்டும் என்று பெண்ணின் அம்மா போனில் சொன்னதால் என் அம்மாவையும் ஏற்றிக்கொண்டார்கள். கிராஸ்கட் ரோட்டில் பெரிய கடை. பட்டுப் பகுதியில் எல்லாரும் விரிப்பில் உட்கார்ந்தார்கள். கூரைப் புடவையைத் தாலி உள்ளவர்கள்தான் தொட்டு எடுக்க வேண்டும் என்பதால் அம்மாவைத் தள்ளி, லிப்ட் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார் பெரியம்மா. ஆண்கள் கீழ்த்தளத்தில் வேட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரப் பையன் அரக்கு, மாம்பழ நிறம், கிளிப்பச்சை என்று ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டான். "எடுப்பா இருக்குதுங்க சம்பந்தி, பொண்ணு நெறத்துக்குத் தூக்கலா இருக்கும்" என்று பெரியம்மா ஒவ்வொன்றையும் தன் தோளில் போட்டுப் பார்த்தார். அம்மா அங்கிருந்தே எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கைப்பிடியில் வைத்திருந்த இடது கையை வலது கையால் தாங்கியிருந்தார்.

பெண்ணின் அம்மாதான் அதைக் கவனித்தார். "ஏனுங்க சம்பந்தி, மொகமெல்லாம் வாடிக் கெடக்குது? ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வேன்ல வந்ததுல வெயிலு. அவளுக்கு இரும்பாட்ட ஒடம்புங்க" என்றார் பெரியம்மா, கையிலிருந்த புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்.

நான் எழுந்து நின்றேன். கடையில் யார் யாரோ இருந்தார்கள், விரித்த புடவையைப் பிடித்தபடி அந்தப் பையன் என்னையே பார்த்தான்.

"வெயில் இல்லீங்கத்தை" என்றேன். "எங்கம்மாவுக்கு மாருல கட்டி இருக்குதுங்க. எங்க சித்தி அதுலதானுங்க செத்தாங்க, காமாலையில இல்லீங்க. நாங்க இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறமுங்க."

"அடியே!" என்றார் பெரியம்மா. பெண்ணின் அம்மா வாயைத் திறந்தார். என்ன சொன்னார் என்று நான் நின்று கேட்கவில்லை. லிப்ட் பக்கம் போய் அம்மாவின் வலது கையைப் பிடித்தேன். அம்மா என்னை முறைத்தார், பிறகு அங்கே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். படியில் இறங்கினோம். கீழே அண்ணன் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க போறீங்க?" என்றார். நிற்கவில்லை. வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகோணுமுங்கண்ணா" என்றேன். அம்மாவை முதலில் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன்.